காது கொடுத்துக் கேட்பவர்களுக்கு ஒரு படிப்பு



தேர்வு முடிவுகள் வரும் மாதங்களில் நம் இதழுக்கு வரும் கடிதங்களில் பாதி படிப்பைப் பற்றியவை. எந்தக் கல்லூரி நல்லது, கட்டணம் கட்டுப்படியாகுமா, பெண்ணை வெளியூர் விடுதியில் சேர்க்கலாமா என்று வீட்டுக்கு வீடு ஒரே கவலைதான். இந்த ஆண்டு அந்தக் கடிதக் கட்டில் புதிதாக ஒரு கேள்வி. மந்தைவெளியிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார்: ‘என் மகள் பி.ஏ.எஸ்.எல்.பி. கடைசி வருஷம். ஸ்பீச் தெரபியிலேயே எம்.எஸ்ஸி. படிக்கணும் என்கிறாள். நாலு வருஷம் படித்தாயிற்று, இனி வேலைக்குப் போனால் என்ன என்று அவள் அப்பா கேட்கிறார். இரண்டு பேர் சொல்வதும் எனக்கு நியாயமாகத்தான் படுகிறது.’ மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கமிருந்து வந்த வேறு சில கடிதங்களிலும் இதே விஷயம்தான்.

தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட இந்தப் பக்கம் முழுவதையும் இதற்கே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. பேச்சு வராத குழந்தை, பக்கவாதத்துக்குப் பின் வார்த்தை கிடைக்காமல் தவிக்கும் தாத்தா, திக்கிப் பேசுவதால் வைவாவுக்குப் பயப்படும் கல்லூரி மாணவன், வருஷம் பூராவும் தொண்டை கட்டிக்கொள்ளும் டீச்சர் என்று நம் தெருவிலேயே எத்தனையோ பேருக்கு இந்தப் படிப்பைப் படித்தவர்கள் தேவைப்படுகிறார்கள்.

முதலில் அந்த அப்பாவின் கேள்வி. அவர் கேட்பதில் தவறில்லை. பி.ஏ.எஸ்.எல்.பி. என்பது செவித்திறன், பேச்சு–மொழி இரண்டையும் சேர்த்துப் படிக்கும் 4 ஆண்டுப் பட்டம். 3 ஆண்டு வகுப்பும் கிளினிக்கும், கடைசி ஓராண்டு முழுநேர இன்டர்ன்ஷிப். முடித்தவர்கள் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு செய்துகொண்டால் ஆஸ்பத்திரியிலோ சிறப்புப் பள்ளியிலோ வேலைக்குச் சேரலாம், சொந்தமாகவும் கிளினிக் வைக்கலாம். அமெரிக்காவில் இப்படி இல்லை. அங்கே இளங்கலையோடு நின்றவர் ஸ்பீச் தெரபிஸ்ட்டாக முடியாது. முதுகலை முடிக்க வேண்டும். அமெரிக்க பேச்சு–மொழி–செவித்திறன் சங்கத்தின் சான்றிதழுக்கு மேற்பார்வையின் கீழ் 400 மணி நேரம் கிளினிக் அனுபவம் காட்ட வேண்டும். பிறகு பிராக்ஸிஸ் தேர்வு. அதற்கும் மேல் 36 வாரம் முழுநேர ஃபெலோஷிப். அதனால்தான் அங்குள்ள மாணவர்கள் முதுகலை இடத்துக்காக அப்படி அலைமோதுகிறார்கள். கிடைக்காவிட்டால் படித்த படிப்பு பாதியில் நிற்கிறது.

நம் ஊரில் அந்தக் கட்டாயம் இல்லாததால், எம்.எஸ்ஸி.க்குப் போகிறவர் ஏன் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போகலாம். அந்த அம்மாவின் மகளிடம் நான் கேட்க நினைப்பதும் அதுதான்: இத்தனை நாள் கிளினிக்கில் உட்கார்ந்தாயே, எந்த நோயாளி போன பிறகும் உன் மனசை விட்டுப் போகவில்லை?

ஏனென்றால் முதுகலையில் பாதை பிரிகிறது. சில கல்லூரிகள் செவித்திறன், பேச்சு–மொழி இரண்டையும் சேர்த்து எம்.ஏ.எஸ்.எல்.பி. வைத்திருக்கின்றன. பெரும்பாலும் செவித்திறன் ஒரு எம்.எஸ்ஸி., பேச்சு–மொழி நோய்க்குறியியல் இன்னொரு எம்.எஸ்ஸி. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் 2 ஆண்டுகள் பேச்சும் மொழியும் விழுங்குதலும்தான் உலகம். விழுங்குதலா என்று கேட்காதீர்கள். பக்கவாதம் வந்தவருக்கு, கழுத்தில் கதிர்வீச்சு எடுத்துக்கொண்டவருக்கு, ஒரு வாய்த் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டால் நுரையீரலில் தொற்று வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எந்தப் பக்கம் தலையைச் சாய்த்து விழுங்கலாம், கஞ்சியை எவ்வளவு கெட்டியாகக் கொடுக்கலாம், எப்போது மூக்கு டியூபை எடுக்கலாம் என்பதையெல்லாம் டாக்டரோடு சேர்ந்து பார்ப்பது ஸ்பீச் தெரபிஸ்ட்தான். முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954-இல் அடையாறில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையைத் தெரியாதவர்கள் சென்னையில் இல்லை. ஆனால் குரல்வளையை எடுத்துவிட்ட ஒருவர் மறுபடி பேசக் கற்றுக்கொள்ள முடியும் என்பது பலருக்குத் தெரியாது. உணவுக்குழாயின் அதிர்விலிருந்து குரல் எழுப்பலாம், சிறு வால்வு பொருத்திப் பேசலாம், தாடைக்கடியில் கருவியை வைத்துப் பேசலாம். மூன்றையும் சொல்லித்தர ஆள் வேண்டும். அந்த ஆழம் இளங்கலையில் கிடைப்பது சிரமம். மேலே படிக்கிறேன் என்று ஒரு பெண் சொன்னால் அதற்கு இப்படியும் ஒரு நியாயம் இருக்கிறது.

இனி குழந்தைகள் பக்கம். காது கேட்க உட்காதில் காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்திய குழந்தைக்குப் பயிற்சி நடக்கும் அறை ஒன்றைப் பார்த்திருக்கிறேன். தரையில் பாய். குழந்தையின் எதிரே வாய் அகன்ற பிளாஸ்டிக் டப்பா, கையில் ஒரு மரக்கட்டை. பக்கத்தில் அம்மா. தெரபிஸ்ட் துணி கட்டிய ஒரு வளையத்தால் தன் வாயை மறைத்துக்கொண்டு ‘ம்…’ என்கிறார். குழந்தை கட்டையைக் காதருகே வைத்துக் காத்திருக்கிறது, கேட்டதும் டப்பாவில் போடுகிறது. அடுத்து ‘ஊ’, ‘ஆ’, ‘ஈ’. பிறகு ‘ஷ்’. கடைசியாக ‘ஸ்’. டேனியல் லிங் என்பவர் வகுத்த 6 ஒலிச் சோதனை இது. தாழ்ந்த ‘ம்’ முதல் உச்சமான ‘ஸ்’ வரை, பேச்சில் வரும் சுருதிகள் எல்லாவற்றையும் இந்த ஆறே ஒலிகள் தொட்டுவிடும். ‘ஸ்’ வந்தபோது கட்டை விழவில்லை. தெரபிஸ்ட் முகம் சுளிக்கவில்லை, மறுபடி சொல்லவும் அவசரப்படவில்லை. ஓர் அடி நெருங்கி உட்கார்ந்து, கொஞ்சம் பொறுத்து, சொன்னார். விழுந்தது. நோட்டுப் புத்தகத்தில் தூரத்தைக் குறித்துக்கொண்டார். வாயை ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்டேன். ‘உதட்டைப் பார்த்துக் கண்டுபிடிச்சிடுவான், மேடம். காது கேட்டுதான்னு எனக்குத் தெரியணும்’ என்றார்.

இந்த இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சையை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்த்து, சின்னக் குழந்தைகளுக்கு இலவசமாகச் செய்யும் மாநிலம் நம்முடையது. அதில் பெருமைப்பட இடம் இருக்கிறது. ஆனால் ஆபரேஷன் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். காதில் விழும் சத்தம் குழந்தையின் மனசில் மொழியாக மாற மாதக்கணக்கில், சில குழந்தைகளுக்கு வருஷக்கணக்கில், மேலே சொன்ன மாதிரி பாயில் உட்கார வேண்டும். உட்கார ஆள் இல்லாவிட்டால் அந்தக் கருவி காதில் தொங்கும் விலையுயர்ந்த பொருளாக நின்றுபோகும்.

படிக்கப் போகிறவர்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது தமிழைப் பற்றி. இந்தத் துறையின் பாடப்புத்தகங்கள் ஆங்கிலம். சோதனைகளில் பெரும்பாலானவை ஆங்கிலக் குழந்தைகளை வைத்து உண்டானவை. முன்னால் வந்து உட்காரும் குழந்தையோ கபாலி கோயில் குளத்தங்கரையில் தமிழ் கேட்டு வளர்ந்தது. சென்னையில் பல வீடுகளில் பெரியவர்களே ‘வாளப்பளம்’ என்றோ ‘வாயப்பயம்’ என்றோதான் சொல்கிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளை அப்படியே சொன்னால் அதில் கோளாறு எதுவும் இல்லை, வீட்டுப் பேச்சை நன்றாகக் கற்றிருக்கிறது என்றுதான் அர்த்தம். அதே பிள்ளை நாலரை வயதிலும் ‘காக்கா’வைத் ‘தாத்தா’ என்று சொல்லிக்கொண்டிருந்தால் கவனிக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எந்த இறக்குமதிச் சோதனையிலும் இல்லை. அது கேட்பவரின் காதில் இருக்க வேண்டும். படத்தைக் காட்டி ‘பறவை எங்கே உள்ளது?’ என்று கேட்டால் மூன்று வயதுக் குழந்தை விழிக்கும். ‘குருவி எங்க இருக்கு, காட்டு’ என்றால் விரல் சட்டென்று போகும். முதல் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு ‘மொழி புரிதல் குறைவு’ என்று ரிப்போர்ட் எழுதினால் அந்தக் குடும்பம் எத்தனை நாள் தூங்காது!

இன்னொன்றும் நடக்கிறது. குழந்தை பேசத் தாமதமானால், வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். தி.நகரில் தெலுங்கு பேசும் வீடு, மார்வாரி பேசும் வீடு எல்லாம் உண்டு. அங்கேயும் இதே புத்திமதி போகிறது. இரண்டு மொழி கேட்பதால் குழந்தைக்குப் பேச்சுத் தாமதம் வருவதில்லை என்பது இந்தத் துறையில் நன்றாக நிலைபெற்றுவிட்ட விஷயம். பாட்டியோடு பேச முடியாத மொழியில் குழந்தையைப் பேசவைத்து என்ன சாதிக்கப் போகிறோம்? எம்.எஸ்ஸி. படிக்கும் பிள்ளைகள் ஆய்வுக்குத் தலைப்பு தேடும்போது இந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பேச்சுத் தமிழில் குழந்தை எந்த வயதில் எந்த ஒலியைப் பிடிக்கிறது, கதை சொல்லும்போது வாக்கியம் எப்படி வளர்கிறது என்பதற்கெல்லாம் நமக்கு இன்னும் நிறையத் தரவு வேண்டும். அதை லண்டனிலோ பாஸ்டனிலோ இருப்பவர்கள் சேகரித்துத் தரமாட்டார்கள்.

பெரியவர்களிடமும் இதே கதைதான். பக்கவாதத்துக்குப் பின் தன் பெயரைக்கூடச் சொல்ல வராத ஒரு பெரியவர், அறுபது வருஷமாகச் சொல்லிவந்த சுலோகத்தை ஆரம்பித்துக் கொடுத்தால் கடகடவென்று சொல்லிவிடுவார். வீட்டார் கண்ணீரோடு ‘பேச்சு வந்துவிட்டது’ என்பார்கள். பழகிப்போன வரிசை மூளையில் வேறு வழியாக வருகிறது, நினைத்ததைச் சொல்லும் பேச்சு இன்னும் வரவில்லை என்பதை அவர்கள் மனம் நோகாமல் சொல்ல வேண்டும். அந்தச் சுலோகத்தின் தாளத்தையே பிடித்துக்கொண்டு ‘தண்ணி வேணும்’ என்ற இரண்டு சொல்லுக்கு அவரை அழைத்துவரவும் வேண்டும். இதற்குப் படிப்பு வேண்டும், அந்தச் சுலோகமும் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கே படிப்பது என்று கேட்டவர்களுக்கு: இந்தத் துறைக்கு நாட்டில் தாய்வீடு மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு செவித்திறன் நிறுவனம். 1965-இல் தொடங்கப்பட்டது. மானசகங்கோத்ரியில் அதன் கட்டடத்துக்கு 1966-இல் அடிக்கல் நாட்டியவர் அப்போது குடியரசுத் தலைவராக இருந்த டாக்டர் ராதாகிருஷ்ணன். ஓய்வுபெற்று வந்து அவர் குடியிருந்த மயிலாப்பூர்ச் சாலைக்குத்தான் இன்று அவர் பெயர். மைசூரில் சேர அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். போட்டி கடுமை. மும்பையில் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் 1983 முதல் இருக்கிறது. சென்னையை விட்டுப் போக முடியாதவர்களுக்குப் போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் முதுகலை உண்டு. மெட்ராஸ் ஈ.என்.டி. ஆராய்ச்சி அறக்கட்டளை தனியே ஒரு பேச்சு–செவித்திறன் கல்லூரி நடத்துகிறது. பிளஸ் டூ முடித்து இளங்கலைக்கே இப்போதுதான் யோசிப்பவர்கள், சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பி.ஏ.எஸ்.எல்.பி. உண்டு, துணை மருத்துவப் படிப்புகளுக்கான அரசுக் கலந்தாய்வில் அதற்கு இடம் கிடைக்கும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் பெரிய தொகை கட்ட முடியாதவர்களுக்கு அது முதல் வாசல்.

கல்லூரியைப் பெயரை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். போய்ப் பாருங்கள். ஒரு நாளைக்கு அங்கே எத்தனை நோயாளிகள் வருகிறார்கள், குழந்தைகள் மட்டும்தானா, நியூராலஜி வார்டிலும் ஐ.சி.யூ.விலும் போஸ்டிங் உண்டா, சூப்பர்வைசர் கிளினிக் அறைக்குள் வந்து உட்காருகிறாரா, அல்லது லாக் புக்கில் கையெழுத்து மட்டும் போடுகிறாரா என்று சீனியர் மாணவர்களிடம் கேளுங்கள். அவர்கள் மறைக்கமாட்டார்கள். அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு ஆர்.சி.ஐ. அங்கீகாரம் இருக்கிறதா என்று கவுன்சிலின் பட்டியலில் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். நுழைவுத் தேர்வுக்கு உடற்கூறு, ஒலியியல், மொழியியல், நரம்பியல், புள்ளியியல் என்று எல்லாம் வரும். செவித்திறன் பகுதியை ஒதுக்கிவிட்டு பேச்சுப் பகுதியை மட்டும் படித்தால் கை கொடுக்காது. இதற்கு மேல் நான் சொல்ல எதுவும் இல்லை, அது உழைப்பு.

வெளிநாடு போக நினைப்பவர்களைத் தடுக்க எனக்கு மனமில்லை. டொரண்டோவிலும் சிங்கப்பூரிலும் தமிழ்க் குழந்தைகள் இருக்கிறார்கள். அங்கும் தமிழ் தெரிந்த ஒருவர் எதிரே உட்கார்ந்தால் அந்தத் தாய்க்கு வரும் நிம்மதியே வேறு. அமெரிக்கக் கல்லூரிகள் மதிப்பெண்ணோடு பரிந்துரைக் கடிதமும், ஏன் இந்தப் படிப்பு என்று நீங்களே எழுதும் கட்டுரையும் கேட்கின்றன. ‘சிறு வயதிலிருந்தே சேவை செய்ய ஆசை’ என்று தொடங்கும் கட்டுரையை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். நீங்கள் கவனித்த ஒரே ஒரு நோயாளியைப் பற்றி, பெயரைச் சொல்லாமல், எழுதுங்கள். என்ன முயன்றீர்கள், எது பலிக்கவில்லை, அப்புறம் எதை மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். பரிந்துரை எழுதும் ஆசிரியரும் உங்களை அந்த அறையில் பார்த்தவராக இருக்க வேண்டும்.

அப்படி ஒரு நோயாளி மனசில் நிற்க வேண்டுமானால் பட்டப்படிப்பின்போதே வெளியே போய்ப் பழக வேண்டும். நம் பக்கத்தில் அதற்குக் குறைவே இல்லை. அடையாறு சாஸ்திரி நகரில் பால வித்யாலயா 1969 முதல், காது கேளாத சின்னஞ்சிறு குழந்தைகளை அம்மாக்களோடு சேர்த்து உட்காரவைத்துப் பேசக் கற்றுத்தருகிறது. ராதாகிருஷ்ணன் சாலையை ஒட்டி, 1970-இல் லீலாவதி பேட்ரிக் தொடங்கிய கிளார்க் பள்ளி இருக்கிறது. கோட்டூர்புரத்தில், 1985-இல் பூனம் நடராஜன் தொடங்கிய வித்யா சாகர். அங்கே பேச்சே வராத பிள்ளைகள் படப் பலகையைக் கண்ணால் காட்டி, விரலால் தொட்டு, நினைத்ததைச் சொல்கிறார்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்த அஜித் நாராயணன் அந்தப் பிள்ளைகளோடும் ஆசிரியர்களோடும் இருந்து பார்த்துத்தான் ‘ஆவாஸ்’ என்ற பேசும் கருவியை உருவாக்கினார். 2011-இல் அமெரிக்க எம்.ஐ.டி.யின் தொழில்நுட்ப இதழ் அவரை உலகின் 35 இளம் கண்டுபிடிப்பாளர்களில் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது. பேச்சு என்றால் வாயால் பேசுவது மட்டும்தான் என்ற எண்ணத்தோடு எம்.எஸ்ஸி.க்குப் போகிறவர்கள், போவதற்கு முன் வித்யா சாகரில் சில நாள் உட்கார்ந்துவிட்டுப் போனால் நல்லது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் இந்தப் பக்கம் வந்த பிள்ளைகள் இதில் நிறையப் பேர். முதல் வருஷம் அவர்கள் முகத்தில் அந்த வருத்தம் தெரியும். சொந்தக்காரர்கள் ‘அதென்ன படிப்பு?’ என்று கல்யாண வீட்டில் கேட்கும்போது நீங்கள் தயங்கிப் பதில் சொன்னால் அந்த வருத்தம் வளரும். ‘பேச முடியாதவங்களைப் பேசவைக்கிற படிப்பு’ என்று நிமிர்ந்து சொல்லுங்கள்.

சிகிச்சை தேடும் குடும்பங்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சில வாரப் பயிற்சி எடுத்துவிட்டு ஸ்பீச் தெரபிஸ்ட் என்று போர்டு மாட்டியவர்களிடம் மாதக்கணக்கில் போய் ஏமாந்த பெற்றோர் எனக்குத் தெரிய இருக்கிறார்கள். 1992-ஆம் ஆண்டு ஆர்.சி.ஐ. சட்டப்படி, பதிவு இல்லாமல் இந்தத் தொழில் செய்வது ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம். பதிவு எண்ணைக் கேட்பது உங்கள் உரிமை. கேட்டால் நல்ல தெரபிஸ்ட் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார். 2 வயது முடிந்தும் குழந்தை இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லையென்றால் ‘அவன் அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்’ என்று காத்திருக்காமல், முதலில் காதைப் பரிசோதியுங்கள்.

மந்தைவெளி அம்மாவுக்கு என் பதில்: மகளை அனுப்புங்கள். அப்பா ஒரு வருஷம் வேலை பார்த்துவிட்டுப் போகட்டும் என்றால் அதுவும் நஷ்டமில்லை, அந்த ஓராண்டு நோயாளிகளோடு கழிய வேண்டும், அவ்வளவுதான். இந்தத் துறையில் படிப்பவர்களும் பணி செய்பவர்களும் வாசகர்களாக இருந்தால் எழுதுங்கள். எப்படி இடம் கிடைத்தது, எந்தப் புத்தகம் உதவியது, உதவித்தொகை எங்கே கேட்டீர்கள் என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் தனிப் பகுதியாகவே போடுகிறோம். நோயாளிகளின் பெயரையும் அடையாளத்தையும் மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்